மாமாவின் இரண்டு படங்கள்

அன்பு மகனுக்கு,

மாஸ்டரைப் பற்றி நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனாய். "நீங்கதானேம்மா அவர்கிட்ட ஏழு வருஷம் வேல செஞ்சீங்க, ஒங்களவிட யாருக்குத் தெரியும்?" என்றாய். உண்மைதான், என்னைவிட வேறு யாருக்கும் தெரியாது. அதனாலேயே இது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலரில் போடுவதானால் முழுதாகப் போடு. நல்ல இடங்களை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டும் வேலையை நான் அந்த ஏழு வருஷமும் செய்தவள், என் எழுத்துக்கு நீ அதைச் செய்யாதே. போட மனம் வராவிட்டால் நீ மட்டும் படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆணழகன் போட்டி மேடையில் ஏறுவதற்கு முன்னால் படித்துவிடு.

மாஸ்டரின் கருமாதி முடிந்து லிந்துலைக்கு வந்தாயே, அன்றைக்கு உனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "தேயில மாத்திட்டீங்களாம்மா? கசக்குது" என்றாய். மாற்றவில்லை. உன் அப்பா ஃபெக்டரியில் இருந்து கொண்டுவருகிற அதே தூள், நீ பால்குடி மறந்த நாள்முதல் குடிக்கிற அதே தூள்தான். இன்னொரு கரண்டி சீனி போட்டேன், அப்படியும் பாதியை வைத்துவிட்டாய். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் முன்கையைச் சொறிந்தாய். கேட்டால் வேர்க்குரு என்றாய். இந்தக் குளிரில் யாருக்கடா வேர்க்குரு வருகிறது? உன் அப்பாவோ, மகனின் தோள் லயத்து வீட்டு வாசலில் இடிக்கிறது என்று அடுத்த காம்பராக்களில் குடியிருக்கிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நான் உன்னை வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, தலையில் நரைமுடி இருக்கிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி, உன் கண்ணைப் பார்த்தேன். அந்த மஞ்சளை நான் இதற்கு முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, மாஸ்டருக்கு வருகிறேன். அவரைத் திட்டி எழுதப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. அவர் செய்ததை வேறு யாரும் இந்த மலையில் செய்ததில்லை. ஆளைப் பார்த்தால் தபால்காரர் என்றுதான் சொல்வார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில். உடற்பயிற்சிப் பத்திரிகை நடத்தியவரின் புஜத்தை ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. ஹட்டன் டவுனில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த சின்ன அச்சகத்தில் இருந்து 'மலைத்தோள்' என்று ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். இறம்பொடையில் ஒருவன் வாங்கினால் அது பூண்டுலோயா வரைக்கும் கைமாறிப் போய், ஓரமெல்லாம் கிழிந்துதான் ஓயும். லயத்துச் சுவர்களில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதன் அட்டையை ஒட்டிவைத்தார்கள். பால்மா டின்னில் சீமெந்து ஊற்றி, தண்ணீர்க்குழாய்த் துண்டைச் செருகி எடை தூக்கினார்கள். விடிந்தால் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது கூனிக்கொண்டு நின்ற பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். வேலை வாங்குகிற கண்டாக்குமாருக்கு அது பிடிக்கவில்லை. அதற்காகவே எனக்கு மாஸ்டரைப் பிடித்தது.

என்னையும் அவர்தான் நிமிர்த்தினார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, கொழுந்துக் கூடையை மாட்டுவதா என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தவளை ஓர் ஆசிரியர் அவரிடம் அனுப்பினார். போன முதல் நாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்றார். அதுவரைக்கும் மேசை வைத்திருந்த எவரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. உனக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது, நீ நாற்காலிகளோடு பிறந்தவன். எனக்கு அந்த ஒரு வார்த்தை ஏழு வருஷத்துக்கும் அதற்குப் பிறகும் வாயைக் கட்டிவிட்டது. பக்கங்களை ஒட்டுவதும் படங்களைச் சரிசெய்வதும் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. மாஸ்டர் பெயரில் வந்த கேள்வி பதிலில் பாதி நான் எழுதியது. ஒரு தண்டால் எடுக்காதவள் ஊரெல்லாம் தண்டால் சொல்லிக்கொடுத்தேன்.

இனி உன் மாமா, என் தம்பி செல்வம். நீ கேட்டு வளர்ந்த கதை இதுதான்: நோஞ்சானாக இருந்த மாமாவை மாஸ்டர் மலைபோல ஆக்கினார், பாவம், பிறகு காமாலை வந்து செத்துப்போனார். இதில் செத்துப்போனது ஒன்றுதான் உண்மை. அவன் நோஞ்சானாக இருந்ததே இல்லை. பதினாறு வயதிலிருந்து ஃபெக்டரியில் கொழுந்துச் சாக்கு ஏற்றி இறக்கியவன். அவனுடைய தோள் சாக்கு கொடுத்த தோள். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது மூன்று வருஷம் அவன்தான் மதன் வேஷம் கட்டினான். சிவன் எரித்து, ரதி அழுது, மூன்றாம் நாள் மதன் எழுந்து வரும்போது கூட்டத்தில் குலவை கிளம்பும், அதில் என் குரல்தான் உரத்து இருக்கும். அந்தக் கூத்தைப் பார்க்க வந்திருந்த மாஸ்டர் மறுவாரமே அவனை அச்சகத்துக்குக் கூப்பிட்டு, பின்முற்றத்தில் எண்ணெய் பூசி நிறுத்திப் படம் எடுத்தார். உன் புது ஜிம்மின் முன்சுவரில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாயே இரண்டு படங்கள், அதில் 'பின்' என்று போட்டிருக்கிற படம் அது. அதுதான் முதலில் எடுத்தது. மறுபடி சொல்கிறேன், அதுதான் முதலில் எடுத்தது.

அந்த வருஷம் கொழும்பில் ஒரு பெரிய போட்டி நடக்க இருந்தது. மலையகத்துப் பிள்ளை ஒருவன் அங்கே மேடையேறவேண்டும் என்பது மாஸ்டரின் கனவு. கொழும்பில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு நிறப் போத்தல், மேலே ஒட்டியிருந்த தாள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. "சத்து மாத்திரதான் செல்வம். வெளிநாட்டுல எல்லாரும் எடுக்குறாங்களாம். சாப்பாட்டுக்குப் பிறகு மூணு வேளையும் போடு" என்று மாஸ்டர் என் கண் முன்னால் கொடுத்தார். தெரிந்தே கொடுத்தாரா என்று நீ கேட்பாய். இல்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தெரிந்துகொள்ள அவர் முயலவில்லை. நானும் முயலவில்லை. இரண்டு மாதத்தில் தம்பியின் உடம்பு பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி ஏறியது. அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். ஆடித் திருவிழாவுக்குப் பச்சை குத்துகிறவர் வந்திருந்தார். தம்பி இடது முன்கையை நீட்டி மூன்றெழுத்தைக் குத்திக்கொண்டு வந்தான். "பொறக்கிறது மருமகன்தான். பேரு வைக்கிறது நான்தான். வச்சாச்சு, இனி மாத்த முடியாது" என்று கையைக் காட்டினான். மதன் என்று எழுதியிருந்தது. கூத்தில் கட்டிய வேஷத்தின் பேர். எரிந்துபோனவன் பேரை ஏனடா வைக்கிறாய் என்று கேட்டேன். "எந்திரிச்சு வந்தவன் பேருக்கா" என்றான்.

அடுத்த வாரம் ஒரு மாலை, தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தான். "கசக்குதுக்கா. ஒன் கை கசக்குதா, தேயில கசக்குதா?" என்று கேலி பேசினான். பிறகு சொறி. பிறகு சோற்றைக் கண்டால் ஓங்கரிப்பு. சிறுநீர் கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். தோட்டத்து மருந்துக்காரர் காமாலை என்றார், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். மாத்திரையையும் அவன் விடவில்லை, போட்டி போய்விடுமே என்ற பயம். புரட்டாசிக்குள் அந்தத் தோள் இருந்த இடம் தெரியவில்லை. அந்தக் கோலத்தோடு ஒருநாள் என்னைப் பார்க்க அச்சகத்துக்கு வந்தான். மாஸ்டர் அவனைப் பார்த்துக் கண்கலங்கினார், அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். பிறகு கேமராவை எடுத்தார். "இது முன். நீ தேறி வந்தோன்ன இன்னொண்ணு எடுப்போம், அது பின். விழுந்தவன் எப்படி எந்திரிச்சான்னு நம்ம பயலுங்க பாக்கட்டும்" என்றார். தம்பிக்கு அது பிடித்துப்போனது. சட்டையைக் கழற்றிவிட்டு, விலா எலும்பு தெரிய, சிரித்துக்கொண்டு நின்றான்.

அவன் தேறவில்லை. தீபாவளி இதழுக்கு நாள் நெருங்கியது. மாஸ்டர் மாசியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "எப்படியும் தேறிடுவான் தங்கச்சி. அப்ப எடுக்கப்போற படமும் இப்படித்தான இருக்கப்போவுது? கொஞ்சம் முந்திப் போடுறோம், அவ்வளவுதான்" என்றார். நீ என்னை முட்டாள் என்று நினைக்கலாம், ஆனால் எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை, வேண்டுதலாகத் தோன்றியது. கூத்தில் மதன் எரிந்ததும் யாராவது எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்களா? எழுந்து வருவான் என்று தெரிந்துதானே உட்கார்ந்திருக்கிறோம். அச்சில் வந்துவிட்டால் அப்படியே நடந்துவிடும் என்று நினைத்தேன். மெலிந்த படத்தின் கீழே 'முன்' என்று ஒட்டினேன். மாசிப் படத்தின் கீழே 'பின்' என்று ஒட்டினேன். ஒட்டி முடித்த பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்த மாஸ்டரின் முகம் மாறியது. "கையில எழுத்து இருக்கே தங்கச்சி. அந்தப் படத்துல இல்லையே" என்றார். பச்சை குத்தியது மறையாது, முன்னால் இருந்தது பின்னால் இல்லாமல் போகாது. பார்க்கிற எவனும் கண்டுபிடித்துவிடுவான். "தூரிகையால கொஞ்சம் சரிபண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

போன மாதம் என்னை ஜிம்முக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாயே, மெலிந்த படத்தில் இடது கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, தழும்பா?" என்று கேட்டாய். சின்ன வயதில் சுடுதண்ணீர் பட்டது என்றேன். மகனே, அது தழும்பில்லை. சாம்பல் நிற மையில் தூரிகையைத் தொட்டு, நான் உன் பேரை அழித்த இடம் அது. அழிக்கும்போது நீ வயிற்றுக்குள் உதைத்தாய். அதை நான் சகுனமாக எடுத்திருக்கவேண்டும், எடுக்கவில்லை. இப்போதெல்லாம் எல்லாமே எனக்குச் சகுனமாகத் தெரிகிறது, நீ வாசலில் தடுக்கினால்கூட.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இதழ் வெளிவந்த வாரத்தில் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நல்ல மனிதர், இளம் வயது. வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, தட்டுத்தடுமாறித் தமிழிலும் கேட்டார்: "வேற மருந்து... ஏதாவது... சாப்பிட்டதா?" எனக்கு இரண்டு தடவையும் புரிந்தது. பழுப்புப் போத்தல் என் கைப்பைக்குள் இருந்தது, காட்டுவதற்கென்றே கொண்டுபோயிருந்தேன். கட்டிலில் கிடந்த தம்பி என் சேலை நுனியை இழுத்தான். "மாஸ்டர் பேரைக் கெடுத்துடாதக்கா. இனிமே யாரு நம்மளயெல்லாம் படம் எடுப்பா?" என்று முணுமுணுத்தான். நான் டாக்டரைப் பார்த்து, "ஒன்னும் சாப்புடலீங்க" என்றேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். பதினோராம் நாள் அவன் போனான். மூன்றாம் நாள் வரைக்கும் நான் லயத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அந்த இதழைப்போல 'மலைத்தோள்' அதற்கு முன்னும் விற்கவில்லை, பிறகும் விற்கவில்லை. கடிதங்கள் குவிந்தன. செல்வம் அண்ணன் என்ன சாப்பிட்டார், அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். பச்சைப்பயறும் முட்டையும் என்று பதில் எழுதினேன். பூண்டுலோயாவில் இருந்து ஒரு தாய், நனைந்த குடையோடு, அந்த இதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "எம் மகன் ரொம்ப மெலிஞ்சு போனாங்க. இவர ஒருக்கா நேர்ல பாத்தா அவனுக்குத் தெம்பு வருமுங்க. எங்க இருக்காருங்க இவரு?" என்று கேட்டார். ஊரில் இல்லை என்றேன். திரும்பி வந்தால் சொல்லச் சொல்லி முகவரி எழுதித் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் ஒருநாள்கூட அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்காரவில்லை, ஆனாலும் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டரும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் உனக்குச் சட்டைத்துணி கொடுத்தனுப்புவார். உன்னை நேருக்கு நேர் பார்க்கமாட்டார், உன் கையைப் பார்ப்பார். அவர் உன்னைச் சொந்தப் பிள்ளைபோல நடத்துகிறார் என்று நீ பூரித்தாய். பிரேதத்துக்கு நீதான் முன்னால் தோள் கொடுத்தாய். நான் பின்னால் நின்று உன் கழுத்து வீங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவுக்கும் இது தெரியாது, அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கோபப்படட்டும். நீ எட்டு வயதில் அந்தப் பழைய இதழைப் பெட்டியில் இருந்து எடுத்துவந்து, "மாமாவ மாதிரி ஆவேன்" என்று நின்றபோதே நான் சொல்லியிருக்கவேண்டும். கிழித்து அடுப்பில் போட்டிருக்கவேண்டும். செத்த தம்பியைத் திடமாகக் காட்டுகிற படம் என்னிடம் அது ஒன்றுதான், எனக்குக் கை வரவில்லை. நீ அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தாய். மாமாவைப்போல ஆகவேண்டும் என்று தண்டால் எடுத்தாய், முட்டை தின்றாய், இப்போது எதைத் தின்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பையைத் துழாவினேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். இன்றைக்குப் போத்தலில் வண்ணத்தாள் ஒட்டியிருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். 'சப்ளிமென்ட்' என்று உன் அப்பாவிடம் சொல், என்னிடம் சொல்லாதே. நீ மாமாவைப்போல ஆகிக்கொண்டிருக்கிறாய் மகனே. ஆனால் நீ நினைத்திருக்கிற படத்தில் உள்ள மாமாவைப்போல அல்ல.

இந்தக் கடிதத்தோடு தூரிகை படாத அசல் படம் ஒன்று வைத்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு பிரதி கழுவியிருந்தார்கள், ஒன்றை மறைத்து எடுத்துவந்தேன். இடது கையைப் பார். சிரித்துக்கொண்டு நிற்கிற எலும்புக்கூட்டின் கையில் உன் பேர் இருக்கிறது. பிறகு சுவருக்குப் போய், 'முன்', 'பின்' அட்டைகளை இடம் மாற்றி மாட்டு. மாஸ்டர் பேரில்தான் ஜிம்மைத் திறப்பாய் என்றால் திற, அவருக்கு அந்த மரியாதை உண்டு. ஆனால் அங்கே வந்து நிற்கப்போகிற பிள்ளைகளுக்கு எது முன், எது பின் என்று சரியாகத் தெரியட்டும்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வருகிறேன். பழுப்போ வண்ணமோ, போத்தலை எடுத்துவை, ஆஸ்பத்திரிக்கு இரண்டுபேரும் அதோடு போவோம். இந்தத் தடவை டாக்டர் கேட்பதற்கு முன்னால் நானே எடுத்துக் கொடுப்பேன். நீ என் சேலையை இழுத்தாலும் கொடுப்பேன். முதலில், வீட்டுத் தேத்தண்ணி பிளாஸ்கில் கொண்டுவருவேன், என் முன்னால் ஒரு வாய் குடி. கசந்தால் கசக்கிறது என்று சொல். என் மனசு நோகும் என்று நல்லாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே. தம்பிக்குக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தேத்தண்ணியை அவன் முழுக்கக் குடித்தான். "நல்லா இனிப்பா இருக்குக்கா" என்றான். வீட்டுக்கு வந்து, பிரிக்காமலே கிடந்த சீனிப் பொட்டலத்தைப் பார்த்தபோதுதான், அன்றைக்கு நான் சீனி போடவே இல்லை என்று தெரிந்தது.

வியாழக்கிழமை வாசலில் நில்,
அம்மா